வன்னியில் முதல் பொங்கல்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கல் அறுவடைத் திருநாள் என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு வருபவர், தை முதலாம் திகதி வயற்கரைக்குப் போனால் குழம்பித்தான் போவார். பாதி வயல் இன்னும் பச்சை. பிந்தி விதைத்த துண்டுகளில் நெல் பாலேறிக்கொண்டிருக்கும். முந்தி விதைத்ததில்கூடக் கதிர் இப்போதுதான் சாய்ந்து பழுக்கத் தொடங்கியிருக்கும். வெட்டு மெஷின் பல ஊர்களுக்குள் வந்தே இருக்காது. வெட்டாத நெல்லுக்கு என்ன பொங்கல் என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி நியாயமானது. இங்கே காலபோகம், அதாவது பெரும்போக நெல், மாரி மழையை நம்பிப் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விதைக்கப்படுகிறது. மூன்றரை மாத, நான்கு மாத நெல் என்றால் வெட்டு தைக் கடைசியில் சூடுபிடித்து, மாசி முழுக்க நடந்து, சில குளங்களின் கீழ் பங்குனிக்கும் போகும். ஆகவே தைப்பொங்கல் அறுவடையைத் தொடக்கிவைக்கிற பொங்கல். மிச்சப் பொங்கல்கள் பின்னால் வரும்: மறுநாள் மாட்டுப் பட்டிக்கு, தைப்பூசத்தை ஒட்டிப் புது நெல்லை முதன்முதலில் உண்ணும் புதிர், வெட்டு முடியக் குளக்கட்டில், பிறகு பங்குனி உத்தரத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் கோயில்களில். வன்னியில் நெல்லும் தண்ணீரும் போகிற போக்கில் பொங்கலும் ஐந்து மாதம் கூடவே போகிறது. இடமாற்றம் கிடைத்து வந்த ஆசிரியரோ, கலியாணம் முடித்து வந்த மருமகளோ, வெளிநாட்டிலிருந்து காணிக்குத் திரும்பியவரோ, தைப்பொங்கல் அன்று ஒரு வீட்டில் புக்கை (பொங்கிய சோறு) சாப்பிட்டதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

ஏன் தை, ஏன் சூரியன்

சூரியன் மகர ராசிக்குள் போகும் நாள் தை முதலாம் நாள். உத்தராயணத் தொடக்கம் என்று கும்பிடுவது இதைத்தான். வானத்தில் பார்த்தால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 அளவிலேயே நடந்துவிடுகிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுவதால் ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிந்திப் பிந்தி இப்போது ஜனவரி 14 அல்லது 15 இல் வந்து நிற்கிறது. சங்கப் பாடல்களில் தைந்நீராடல் வருகிறது என்பதைக் காட்டி, பொங்கல் அங்கிருந்தே வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது பெண்கள் நோன்பிருந்து நீராடிய வழக்கம். முற்றத்துப் பானையை அதோடு அப்படியே ஒட்டவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மழை விட்டு வெயில் ஏறி நெல் முற்றுகிற மாதம் இது. அந்த வெயிலைத் தந்தவனுக்கு முதற்படையல். கமக்காரரிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள், எனக்கும் இதுவே போதும்.

தமிழ்நாட்டுப் பழக்கத்தோடு வருபவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பழையதை எரிக்கிற போகி இங்கே பெரிதாக இல்லை, காணும் பொங்கலும் இல்லை. அதேபோல, பெரியவர்கள் கையில் காசு வைத்துத் தருகிற கைவிசேஷம் சித்திரை வருடப்பிறப்புக்குரியது. பொங்கலன்று பிள்ளைகள் அதை எதிர்பார்ப்பதில்லை.

மார்கழிக் கடைசியில் செய்யவேண்டியவை

முதலில் நேரம். பொங்கல் வைக்க நல்ல நேரம் பஞ்சாங்கத்தில் இருக்கும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் வேறு வேறு நேரம் சொல்லும். வம்பு வேண்டாம், பக்கத்துக் கோயில் ஐயர் எதைப் பார்க்கிறாரோ அதையே எடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சூரியன் கிளம்பும்போது பானை பொங்க வேண்டும் என்பதே கணக்கு. தைத் தொடக்கத்தில் ஆறரை மணியளவில் வெளிச்சம் வரும். அடுப்பு மூட்டுவது ஐந்தரைக்கு முந்தியிருந்தால் பதற்றம் இல்லை.

அடுத்தது பானை. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாச் சந்தைகளில் மார்கழிக் கடைசியில் மண்பானை குவியும். விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வாங்கலாம், மந்தமாகக் கேட்டால் கீறல் இருக்கும். பொங்கலுக்கு முதல் நாளே வாங்கி அப்படியே அடுப்பில் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னதாக வாங்கி, ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி மெல்லிய நெருப்பில் ஒருமுறை கொதிக்கவிட்டு எடுங்கள். இதைச் செய்யாத பானைதான் நல்ல நேரத்தில் வெடிக்கும்.

விறகு இன்னொரு தலையிடி. மாரி முடிந்தும் முடியாத காலம், இரவில் பனி வேறு. வெளியே கிடந்த விறகு புகைக்குமே தவிர எரியாது. ஒரு கிழமைக்கு முன்பே காய்ந்த விறகு, தென்னம்பாளை, பன்னாடை, சிரட்டை கொஞ்சம் எடுத்துக் குசினிக்குள் வைத்துவிடுங்கள். விறகுக்கோ மாவிலைக்கோ காட்டுப்பக்கம் போகும்போது கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்தைத் தாண்டவே வேண்டாம். ஊராருக்குத் தெரிந்த ஒற்றையடிப் பாதை உங்களுக்குத் தெரியாது.

ஆறேழு பேருக்கு அரைக் கிலோ சிவப்புப் பச்சையரிசி போதும். வறுத்து உடைத்துக் கோது நீக்கிய பயறு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, சர்க்கரை (வெல்லம்) அரைக் கிலோ, பெரிய தேங்காய் ஒன்று, பசுப்பால் கால் லீற்றர், கஜுவும் (முந்திரிப்பருப்பு) பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) கைப்பிடி கைப்பிடியாக, ஏலக்காய் ஏழெட்டு, நெய் இரண்டு கரண்டி. தேன் கிடைத்தால் விடாதீர்கள். காட்டுத்தேன் இந்தப் பக்கத்துச் சொத்து, ஆனால் ஆள் தெரிந்து வாங்குங்கள். சீனிப்பாகும் போத்தலில் வரும். படையலுக்குத் தலைவாழை இலை, கதலி வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், சாம்பிராணி, சந்தனம். நிறைகுடத்துக்கு முடித் தேங்காயும் மாவிலையும். கரும்பு நம் பக்கத்துப் பயிர் அல்ல; கிடைத்தால் வைக்கலாம், இல்லையென்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பானைக் கழுத்தில் கட்ட மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் வேண்டும். அதைக் கடையில் தேடாதீர்கள், அயல் வீட்டு வேலியோரம் நிற்கும். கேட்டுப் போவதுதான் அயலோடு பழக முதல் வழியும்.

பொங்கும் காலை

முற்றத்தைக் கூட்டி, சாணகம் கரைத்து மெழுகி, அரிசிமாவால் சதுரமாகக் கோலம் போடுங்கள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புதுவீடுகளில் முற்றம் வரைக்கும் சீமெந்து போட்டிருப்பார்கள். அதன்மேல் நேரே நெருப்பு மூட்டினால் சீமெந்து வெடித்துச் சிதறும். நாலு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி அதன்மேல் மெழுகி அடுப்புக்கல் வையுங்கள். மூன்று கல், வாய் கிழக்கே. ஒரு பக்கத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும். சாணகத்திலோ மஞ்சளிலோ பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி வையுங்கள். மழை தூறினால் பிடிக்க ஒரு தகரமோ தறப்பாளோ கையோடு இருக்கட்டும். முல்லைத்தீவுப் பக்கத்தில் தை நடுவிலும் மழை வரும்.

குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றிய பிறகு அடுப்பு. பானைக்கு மூன்று குறி விபூதியும் சந்தனப் பொட்டும். கழுத்துவரை தண்ணீரும் பசுப்பாலும் விடுங்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவது: பானை பொங்கி வழிய வேண்டுமென்றால் நிரம்பியிருக்க வேண்டும், நிரம்பிய பானைக்குள் அரிசி போட்டால் சமையல் முழுக்க வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் நன்றாக வழியவிட்டு, பிறகு அகப்பையால் மூன்று நாலு கோப்பை எடுத்து ஒரு சட்டியில் வைத்துக்கொண்டு அரிசி போடுங்கள். பிறகு தண்ணீர் இறுகும்போது அதையே திரும்ப விடலாம்.

நுரை ஏறி வழியும்போது வெடி வெடிக்கும், சின்னதுகள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தும். கிழக்கே அல்லது வடக்கே வழிந்தால் அந்த ஆண்டு நல்லது என்பார்கள். அனுபவப்பட்ட அம்மம்மாமார் பானையை வைக்கும்போதே கிழக்குப் பக்கம் ஒரு சொட்டுச் சாய்த்து வைப்பதைக் கவனித்தால் உங்களுக்கும் சகுனம் சரியாக அமையும்.

வீட்டின் மூத்தவர் இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, சூரியனைப் பார்த்து, பானையை மூன்று முறை சுற்றிப் போடுவார். பிறகு வீட்டில் உள்ள எல்லோரும் ஒவ்வொரு கை. விருந்தாளியாக நின்றாலும் உங்களையும் கூப்பிடுவார்கள், தயங்காமல் போடுங்கள். பயறை அரிசியோடேயே போடலாம். சிவப்பரிசி மெதுவாக அவியும். அரை மணி நேரம் முன்பே ஊறவைத்திருந்தால் விறகு மிச்சம். அரிசி முழுக்க மலர்ந்த பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி அதற்குமேல் அவியாது, நறுக்கென்று பல்லில் கடிபடும். சர்க்கரையைக் கொஞ்ச வெந்நீரில் கரைத்து வடித்துவிடுவது நல்லது, மண்ணும் தும்பும் இல்லாத சர்க்கரைக் கட்டி அரிது. கடைசியில் தேங்காயின் முதற்பால், நெய்யில் வறுத்த கஜு, பிளம்ஸ், ஏலக்காய்த்தூள், தேன். நெருப்பை இழுத்துவிட்டுத் தணலில் ஐந்து நிமிடம்.

சூரியனுக்கு முன் தலைவாழை இலையில் புக்கையும் பழமும் வைத்து, கற்பூரம் காட்டி, தேவாரம் பாடுவார்கள். பாட்டு வராதவர்கள் கைகூப்பி நின்றால் போதும். அன்று வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. சாப்பிடுவதற்கு முன் அயல் வீடுகளுக்கு ஒரு கிண்ணத்தில் புக்கையும் வாழைப்பழமும் அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அந்த ஆண்டில் செத்தவீடு நடந்த குடும்பங்கள் ஆட்டத்திவசம் (முதலாம் ஆண்டுத் திவசம்) முடியும்வரை பொங்காமல் இருப்பது வழக்கம். “நீங்கள் ஏன் பொங்கவில்லை” என்று வாசலில் நின்று கேட்டுவிடாதீர்கள். எல்லா வீட்டு முறையும் ஒன்று என்றும் நினைக்காதீர்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்கள், பரம்பரையாக இங்கேயே இருப்பவர்கள் என்று ஒரே ஒழுங்கைக்குள் மூன்று முறை இருக்கும். கத்தோலிக்கத் தேவாலய முற்றங்களிலும் பானை வைப்பார்கள்.

பட்டிப் பொங்கல்

மறுநாள் மாட்டுக்கு. யாழ்ப்பாணத்தில் ஒன்றிரண்டு பசு நிற்கும் கொட்டிலில் இது நடக்கும்; வன்னியில் பட்டி என்றால் நாட்டு மாடுகள் நிறைந்த பெரிய பட்டி. காலபோகம் நிற்கும் மாதங்களில் வயலுக்குள் மாடு இறங்கக் கூடாது என்பதால் பட்டியைத் தரவைகளுக்கும் (மேய்ச்சல் வெளிகள்) காட்டுக்கரைக்கும் கொண்டுபோயிருப்பார்கள். அதனால் அழைப்பு வந்தால் முதலில் கேட்கவேண்டியது, பட்டி எங்கே நிற்கிறது, எந்த நேரம் திரும்பலாம் என்பது. யானை நடமாடும் பகுதியென்றால் பொழுதுபடுமுன் திரும்பிவிடுங்கள்.

மாடுகளைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பழைய கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டுவார்கள். பட்டி வாசலில் பொங்கி, வாழையிலையில் மாட்டுக்கு முதலில் ஊட்டிய பிறகே ஆட்களுக்கு. நீங்கள் கொண்டுபோக வேண்டியது ஒரு சீப்பு வாழைப்பழம், அவ்வளவுதான். “எத்தனை மாடு நிற்குது” என்று மட்டும் கேட்காதீர்கள். எண்ணினால் கண்ணூறு என்பது ஒரு காரணம். 2009 இல், போரின் கடைசியில், பட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்களிடம் அந்தக் கேள்வி வேறு எங்கோ போய்த் தொடும் என்பது இன்னொன்று.

இந்த நாட்களை ஒட்டி மாட்டுவண்டிச் சவாரியும் நடக்கும். பார்க்கப் போனால் ஓடுபாதையின் கடைசிப் பக்கம் நிற்காதீர்கள். வென்ற வண்டி கோட்டைத் தாண்டியவுடன் நிற்காது.

புதிர்

புதிதாக வருபவர்கள் அநேகமாகத் தவறவிடுவது இதைத்தான், என் பார்வையில் உண்மையான அறுவடைப் பண்டிகையும் இதுதான். அந்த ஆண்டு விளைந்த நெல்லை முதன்முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்து உண்பது புதிர். பெரும்பாலும் தைப்பூசத்தன்று நடக்கும். நல்லூர்க் கந்தனுக்கு மறவன்புலவு வயலிலிருந்து கதிர் எடுத்துவரும் புதிர் விழாவும் தைப்பூசத்துக்கு முதல் நாள்தான்.

உங்களுக்கு வயல் இல்லாவிட்டால், வெட்டத் தொடங்கிய ஒருவரிடம் ஒரு கைப்பிடிக் கதிர் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். நல்ல நேரத்தில் கதிரைக் கொண்டுவந்து சுவாமி அறையில் வைத்து விளக்கேற்றி, கொஞ்ச நெல்லைக் குற்றி அரிசியாக்குவார்கள். சில வீடுகளில் அதைப் பாலோடும் பழத்தோடும் சர்க்கரையோடும் பிசைந்து ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பார்கள். சில வீடுகளில் பழைய அரிசியோடு ஒரு கைப் புது அரிசியைச் சேர்த்துப் பொங்கி, மரக்கறிகளோடு தலைவாழை இலையில் சாப்பாடு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அன்று வீட்டுக்கு வரவேண்டும் என்று தாய்மார் பிடிவாதம் பிடிப்பார்கள். அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்பவர் அரைநாள் லீவு கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

புது அரிசி சமைக்கிறவர்களுக்கு ஒன்று: அது குறைந்த தண்ணீரிலேயே குழையும். வழக்கமான அளவு விட்டால் சோறு கஞ்சியாகிவிடும்.

களத்திலும் தெருவிலும்

மாசியில் வெட்டு முழுவேகத்தில் நடக்கும். முன்பு அரிவி வெட்டி, சூடு (கதிர்க்கட்டுக் குவியல்) வைத்து, எருமையால் மிதித்த வேலையை இப்போது மெஷின் ஒரு பகலில் முடிக்கிறது. இரவிரவாகச் சூடு மிதித்த காலத்துப் பேச்சும் பாட்டும் அதோடு குறைந்துபோய்விட்டன. ஆனாலும் நெல் குவிந்த இடத்துக்கு மரியாதை போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், குவியலைக் கடந்து கால் வைக்காதீர்கள். அளக்கும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். முதல் அளவை “லாபம்” என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். முதல் மூட்டையில் ஒரு பங்கு ஊர்ப் பிள்ளையாருக்குப் போகும்.

மெஷின் வெட்டிய நெல் ஈரமாக இருப்பதால் தார்வீதியோரம் பரப்பிக் காயவிடுவார்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வளைவுகளில் மெதுவாகப் போகவும். நெல்லின்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். நெல்லுக்கு எல்லையாக வைத்த கல்லும் கம்பும் இருட்டில் தெரியாது.

குளக்கட்டிலும் கோயிலிலும்

வன்னியில் வயலுக்கு உயிர் குளம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரை என்று பெரியவை ஒருபுறமிருக்க, ஊருக்கு ஊர் சின்னக்குளம் உண்டு. கட்டில் மரத்தடியில் பிள்ளையாரோ ஐயனாரோ இருப்பார். வெட்டு முடிய, அல்லது சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) தண்ணீர் திறக்குமுன், கமக்காரர் சேர்ந்து அங்கே பொங்குவார்கள். நாள் எந்த நாட்காட்டியிலும் இருக்காது. கமக்காரர் அமைப்பின் தலைவரையோ கமநல சேவை நிலையத்தில் வேலை செய்பவரையோ கேட்டால் சொல்வார்கள். அன்று அரிசியோ தேங்காயோ கொடுத்துப் பங்கெடுக்கலாம். காசைவிட அதைத்தான் விரும்பி வாங்குவார்கள். ஏ9 வழியாக வரும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் (நிலக்கடலை) வாங்குகிற பழக்கம் உங்களுக்கும் ஒட்டியிருக்கும். குளக்கட்டில் இருக்கும் பிள்ளையாரும் அதே போலக் காட்டுவழிக்கும் தண்ணீருக்கும் காவல்.

பங்குனி உத்தரத்துக்குக் கிளிநொச்சி மாவட்டத்துப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் பெரும் பொங்கல். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை நந்திக்கடலோரம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்பது ஊர்க்கதை. ஒரு கிழமைக்கு முந்திய திங்களே கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரை விட்டு விளக்கேற்றுவார்கள். பொங்கலுக்கு முதல் நாள் ஞாயிறு காட்டா விநாயகருக்குப் பொங்கல், திங்கள் அம்மனுக்கு. பெரிய மண்பானையை வளந்து என்பார்கள். அதை அடுப்பில் ஏற்றுவதற்குத் தனிச் சடங்கும் உரிமைக்காரரும் உண்டு. எட்டி நின்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் கோயில் வெளியில் யாரும் தங்கள் பானையை வைக்கலாம். அரிசி, பானை, மூன்று கல், விறகு எல்லாம் கையோடு கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை கூட.

வைகாசி வெயில் கடுமை, மணல் சுடும். பிற்பகல் நாலு மணிக்குப் பிறகு போய் இரவு தங்குவதே வசதி. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஒன்றை வைத்துவிடுங்கள். திரும்பும் பேருந்து எங்கே நிற்கும் என்பதை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுவையுங்கள்.